கால்வாவின் கணக்கு

எங்கள் ஆய்வுக்கூடத்து மொட்டைமாடியில் ஒரு கிண்ண அலைவாங்கி இருக்கிறது. செயற்கைக்கோள் வழியே வரும் வானொலி நிகழ்ச்சிகளை அது பிடித்துத் தருகிறது. அந்த இணைப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று இரவும் பகலும் அளந்து குறித்து வைப்பதுதான் என் முதுகலை ஆய்வு. ஊரை விட்டு வந்த எனக்கு அதில் ஓர் ஊதியமும் உண்டு: அளக்கும் சாக்கில் தமிழ்ப் பாட்டுக் கேட்கலாம்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பழைய மத்திய அலை வானொலியாக இருந்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் கரகரத்திருக்கும். காதே நிலைமையைச் சொல்லியிருக்கும். டிஜிட்டல் ஒலிபரப்பில் அந்த வசதி இல்லை. கடைசி நொடி வரை தெளிவாகப் பாடிவிட்டுத் திடீரென்று வாயடைத்துப் போகும். ஆகவே காதை நம்பிப் பயனில்லை. பிழைகளை எண்ண வேண்டும். அனுப்பும் இடத்தில் 188 பைட்டுகளுக்கு 16 பைட்டுகளைக் கூடுதலாகச் சேர்த்து 204 ஆக்கி அனுப்புகிறார்கள். வழியில் எட்டுப் பைட்டுகள் வரை சிதைந்தாலும், சிதைந்தது எது, அங்கே இருக்கவேண்டியது எது என்ற இரண்டையும் வாங்கும் கருவி கணக்கிட்டுத் திருத்திவிடும். ஒன்பது சிதைந்தால் கைவிரித்துவிடும். இத்திருத்தம் நடப்பதற்கு முன் பத்தாயிரம் பிட்டுகளுக்கு இரண்டு பிழை என்பதே எங்கள் எல்லைக்கோடு. அதற்குள் இருக்கும்வரை, திருத்தியபின் பிழை அநேகமாக இராது. அன்றிரவு அந்த எண் மெல்ல மெல்ல ஏறிக்கோட்டைத் தாண்டியது. அதற்குப் பின்னும் சிறிது நேரம் பாட்டில் ஒரு குறையும் இல்லை. பிறகு சரணத்தின் நடுவே ஒரே அமைதி.

இப்படித் திருத்தும் வழியை ரீட், சாலமன் என்னும் இருவர் அமெரிக்காவில் 1960-இல் கண்டனர். அதற்கு அடிப்படை, 256 எண்கள் மட்டுமே வாழும் ஒரு சிற்றுலகம். அங்கே கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், சுழியைத் தவிர எதனாலும் வகுக்கலாம்; விடை அந்த 256-க்குள்ளேயே வந்து விழும். ஒரு பைட் ஏற்கும் மதிப்புகளும் 256 தாமே! இத்தகைய எண்ணுலகங்களை 1830-இல் அச்சில் விளக்கியவன் பிரெஞ்சு இளைஞன் எவரிஸ்ட் கால்வா. அப்போது அவனுக்கு வயது பதினெட்டு. இருபதில் இறந்து போனான். என்னைவிட மூன்று வயது இளையவனை ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை, அன்பர்கள் பொறுத்துக்கொள்க.

அவன் பாரிசுக்கு அருகிலுள்ள பூர்-லா-ரேன் என்னும் சிற்றூரில் 25-10-1811 அன்று பிறந்தான். தந்தை அவ்வூர் மேயர். பன்னிரண்டாம் வயதில் பாரிசுப் பள்ளியொன்றில் சேர்ந்தான். சில ஆண்டுகளில் கணிதம் அவனைப் பிடித்துக்கொண்டது. மற்றப் பாடங்கள் கசந்தன. பாலிடெக்னிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் 1828-இல் தோற்றான். 1829 சூலையில், அரசியல் பகைவர்கள் கிளப்பிய அவதூறு தாங்காமல் தந்தை தற்கொலை செய்துகொண்டார். சில வாரங்களில் இரண்டாம் முறை தேர்வு, மீண்டும் தோல்வி. தேர்வாளர் மீது கரும்பலகை துடைப்பானை வீசினான் என்றொரு கதை உண்டு. நல்ல கதைதான், ஆனால் தந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த பையன் தேர்வில் தோற்க அப்படியொரு கதை தேவையில்லை.

ஐந்தாம் படியும் அதற்கு மேலும் உள்ள சமன்பாடுகளில் எவற்றை மூலங்களால் தீர்க்கலாம், எவற்றைத் தீர்க்க இயலாது என்பதே அவன் எடுத்துக்கொண்ட வினா. 1830-இல் பாரிசு அறிவியல் கழகத்தின் பரிசுக்குக் கட்டுரை அனுப்பினான். அது கழகச் செயலாளர் பூரியேயின் கைக்குப் போயிற்று. மே மாதம் அவர் இறந்தார், கட்டுரை அகப்படவேயில்லை. 1831-இல் மறுபடியும் எழுதி அனுப்பினான். இம்முறை படித்தவர் புவாசோன். நிறுவல் தெளிவாகவும் விரிவாகவும் இல்லையென்று திருப்பிவிட்டார்.

கால்வாவைப் பற்றி எழுதுவோர் பலரும் புவாசோனைத் தூற்றுகிறார்கள். எனக்கு அது முழுதும் நியாயமாகப் படவில்லை. கால்வா இடைப்படிகளை எழுதப் பொறுமையற்றவன். தனக்கு வெளிச்சமாய்த் தெரிந்ததைப் பிறருக்கும் தெரியுமென்று எண்ணித் தாவித் தாவிச் சென்றான். மிகைப் பைட் ஒன்றுகூட இல்லாமல் அனுப்பிய செய்தி அது. வாங்கியவர் எதைக்கொண்டு சரிபார்ப்பார்? இதை நான் தெளிந்து சொல்லக் காரணம் உண்டு. என் முதல் ஆய்வறிக்கையையும் பேராசிரியர் அதே குறையைச் சொல்லித் திருப்பினார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நானே படித்துப் பார்த்தேன். பத்தாம் பக்கத்திலிருந்து எனக்கே விளங்கவில்லை!

கால்வாவுக்கு அந்த மூன்றாம் நாள் வாய்க்கவில்லை. மன்னராட்சியை வெறுத்த தீவிரக் குடியரசுவாதி அவன். தன் கல்வி நிலையத் தலைவரைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதி வெளியேற்றப்பட்டிருந்தான். 1831 சூலை 14 அன்று, தேசியக் காவற்படையின் கலைக்கப்பட்ட பீரங்கிப் பிரிவின் உடையை அணிந்து தெருவில் இறங்கியதற்காகச் சிறை சென்றான். புவாசோனின் மறுப்பு அவனைச் சிறையில்தான் வந்தடைந்தது. 1832 மே 30 அன்று காலை ஒரு துப்பாக்கிச் சண்டையில் வயிற்றில் குண்டு பாய்ந்தது. சண்டையின் காரணம் குறித்து இன்றும் வழக்கு ஓயவில்லை. மறுநாள் மருத்துவமனையில் தம்பி ஆல்பிரட் அருகிலிருக்க இறந்தான்.

சண்டைக்கு முந்தின இரவு ஒரே மூச்சில் தன் கொள்கை முழுவதையும் எழுதினான் என்பது பள்ளிகளில் சொல்லப்படும் கதை. உண்மை அதைவிட உருக்கமானது. கொள்கை முன்பே எழுதப்பட்டிருந்தது. அன்றிரவு அவன் நண்பன் செவாலியேவுக்கு ஒரு கடிதத்தில் அதைச் சுருக்கி எழுதினான். புவாசோன் மறுத்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தினான். ஒரு நிறுவலை நிறைவு செய்ய வேண்டும், அதற்கு நேரமில்லை என்று ஓரத்தில் குறித்தான். விட்ட படிகளை நிரப்ப அவன் கடைசியாக முயன்றது அப்போதுதான்.

தம்பியும் செவாலியேயும் தாள்களைப் படியெடுத்துப் பாதுகாத்தனர். லியூவில் என்ற கணித அறிஞர் பொறுமையாகப் படித்து, நிறுவல் சரியென்று கண்டு, 1846-இல் தம் இதழில் வெளியிட்டார். மொத்தம் அறுபதுக்குச் சற்று மிகுந்த பக்கங்கள்.

என் அறிக்கை முதலில் 22 பக்கம் இருந்தது. மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது 41-இல் நிற்கிறது.