பட்டாணித் தோட்டத்துத் துறவி

நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தால் பிறக்குஞ் செடி எவ்வுயரம் வளரும்? இவ்வினாவைச் செடிகளிடமே கேட்டு, எட்டாண்டுகள் பொறுமையாய் விடையை எழுதிக்கொண்டவர் கிரெகொர் மெண்டல் என்னும் துறவியார்.

இவர் 1822-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஆஸ்திரியப் பேரரசின் ஸைலீஷியாப் பகுதியில் ஹைன்ஸன்டார்ஃப் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். தந்தையார் மரம் விழுந்து காயமுற்றபின் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. இளைய சகோதரி தெரேஸியா தம் சீதனத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து இவரது கல்விக்கு உதவினார். (அவ்வம்மையாரின் புதல்வர்கள் படிப்பதற்கு மெண்டல் பிற்காலத்திற் பொருளுதவி செய்து அக்கடனைத் தீர்த்தார்.) 1843-இல் புருன் நகரத்து அகஸ்தீனிய மடத்திற் சேர்ந்தார். 1850-இல் ஆசிரியர் பரீட்சையில் தவறினார். தவறிய பாடங்களுள் இயற்கைநூலும் ஒன்று என்பதை நம் மாணவ நண்பர்கள் கவனிப்பார்களாக! பின்னர் வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பெற்று, ஆங்குக் கணிதமும் பௌதிகமும் பயின்றார்.

1856-இல் மடத்துத் தோட்டத்தில் ஆராய்ச்சி தொடங்கிற்று. 34 வகைப் பட்டாணிகளை ஈராண்டு விதைத்துப் பார்த்து, மாறாத குணமுடைய 22 வகைகளைத் தெரிந்தெடுத்தார். மலர் விரியுமுன்னரே மகரந்தப் பைகளைக் கிள்ளியெறிந்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தம் கையாலேயே இட்டார். ஆறேழு அடி வளர்வதனையும் ஒன்றரை அடியைத் தாண்டாததனையும் இவ்வாறு கலக்க, முதற்சந்ததி முழுவதும் நெட்டையாயிற்று; சில வேளை நெட்டைத் தாயினும் உயர்ந்து நின்றது. அடுத்த சந்ததியில் 1,064 செடிகளை எண்ணினார். நெட்டை 787, குட்டை 277. மறைந்திருந்த குட்டை நான்கில் ஒரு பங்காக மீண்டது! அந்நெட்டைகளில் நூற்றின் விதைகளைத் தனித்தனியே விதைக்க, 28 செடிகளே நெட்டையை மாத்திரம் ஈன்றன. ஏனைய 72-உம் இருவகையும் ஈன்றன. வெளித்தோற்றம் ஒன்றாயினும் உள்ளுறை வேறென்பது இங்ஙனம் விளங்கிற்று.

ஆனால் பூக்குங்காலம் இவ்வளவு எளிதில் வசப்படவில்லை. முந்திப் பூப்பதையும் பிந்திப் பூப்பதையும் கலந்தபோது, கலப்புச் செடி ஏறக்குறைய இரண்டிற்கும் நடுவே பூத்தது. அவ்வாராய்ச்சி இன்னும் முற்றுப்பெறவில்லை என்றே அவர் தம் கட்டுரையில் வெளிப்படையாய் எழுதினார். எண்கள் அழகாய் அமைந்த பகுதியைமட்டும் காட்டி, அமையாததை மறைத்துவிடாத இந்நேர்மையை யாம் பெரிதும் மதிக்கிறோம்.

1865-இல் புருன் இயற்கைநூற் சங்கத்தில் இரு கூட்டங்களிற் படிக்கப்பெற்ற அக்கட்டுரை, மறு ஆண்டில் அச்சாயிற்று. அதன் பெருமையை எவரும் உணர்ந்தாரில்லை. 1868-இல் மடத்தலைவரானபின், மடத்தின்மீது விதித்த வரியை எதிர்த்து அரசாங்கத்தோடு வழக்காடுவதிலேயே அவரது காலம் கழிந்தது. 1884 ஜனவரி 6-இல் உயிர்துறந்தார். பதினாறாண்டுகள் கழித்து, 1900-இல், டி வ்ரீஸ், கோரென்ஸ், செர்மாக் என்னும் மூவர் அந்நியதியை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர்.

தண்டின் நீளத்தை ஆளும் ஜீன், ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சிப்பொருளை ஆக்குவதற்குரியது என்பது 1997-இல் தெளிவாயிற்று. பூக்குங்காலத்தையோ பல ஜீன்கள் சேர்ந்து ஆளுகின்றன. அவற்றுட் சில பகற்பொழுதின் நீட்சிக்கேற்பத் தொழிற்படுவன. குறுகிய காலத்தில் விளையும் பயறுவகைகளை உண்டாக்க முயல்வோர் இன்றும் மல்லாடுவது, மெண்டல் முடிக்காது விட்ட அப்பகுதியோடுதான்.