நாராயண பிள்ளை: நடந்தே படிக்கலாம் ஒரு வாழ்க்கையை

சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோவிலான ஸ்ரீ மாரியம்மன் கோவிலை நிறுவியவர் நாராயண பிள்ளை. இத்தீவில் கட்டடக் குத்தகைத் தொழில் செய்த முதல் இந்தியர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து இங்கு வந்து குடியேறிய மக்களுக்கு அவரே தலைவராகவும் இருந்தார். இவ்வளவு இருந்தும், அவர் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் வரலாற்று ஏடுகளில் இல்லை.

ஆனால், அவர் வந்து இறங்கிய ஆற்றங்கரை, பிழைப்புக்காக அமைத்த செங்கற்சூளை, தீயில் இழந்த கடை, மீண்டெழுந்த சதுக்கம், கட்டிய கோவில் ஆகியவை இருந்த இடங்கள் நமக்குத் தெரியும். இவற்றுள் பலவும் நகர மையத்திலேயே உள்ளன. ஆற்றங்கரையில் தொடங்கி சவுத் பிரிட்ஜ் சாலைவரை நடந்தால், 2 கிலோமீட்டருக்குள் அந்த வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.

பழைய நகரங்களை இப்படி ஒருவரின் வாழ்க்கை வழியே நடந்து பார்ப்பது உலகில் பல இடங்களிலும் உள்ள வழக்கம்தான். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குச் செல்லும் பயணிகள் பலர், தங்களுக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு கவிஞர் தாந்தேயைத் தேடி நடப்பார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தையும் அவரது குடும்பம் வாழ்ந்த பகுதியையும் பார்ப்பார்கள். 1302ஆம் ஆண்டில் அந்நகரம் அவரை நாடு கடத்திய கதையையும் அங்கேயே நின்று கேட்பார்கள். தாந்தே மறைந்தது ராவென்னா நகரில். ஃபிளாரன்ஸ் அவருக்காகக் கட்டிய கல்லறை இன்றும் வெறுமையாகவே உள்ளது. இதைப் புத்தகத்திலும் படிக்கலாம். அந்தத் தெருக்களில் நின்று கேட்கும்போது அது வேறுவிதமாக மனத்தில் பதிகிறது.

அப்படி நடந்து அறிய நமக்குக் கிடைத்த வாழ்க்கைகளுள் ஒன்று நாராயண பிள்ளையுடையது.

ஆற்றங்கரையில் தொடக்கம்

சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் முதன்முதலில் சிங்கப்பூருக்கு வந்தது 1819 ஜனவரியில். அவ்வாண்டு மே மாத இறுதியில் 'இந்தியானா' என்ற கப்பலில் அவர் இரண்டாம் முறையாக வந்தார். அதே கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை.

அப்போது சிங்கப்பூர் நகரமாக உருவாகியிருக்கவில்லை. பிரிட்டிஷார் குடியேற்றத்தைத் தொடங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஆற்று முகப்பில் சில குடிசைகளும் கூடாரங்களும் இருந்தன. பினாங்கில் அமைந்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு இருக்குமா என்றுகூடத் தெரியாத ஓர் ஊருக்கு வருவது எளிய முடிவாக இருந்திருக்க முடியாது.

சிங்கப்பூரின் இருநூறாண்டு நிறைவையொட்டி, 2019 ஜனவரியில் இதே ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே மேலும் நான்கு சிலைகள் வைக்கப்பட்டன. சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோருடன் நாராயண பிள்ளையும் அங்கே நின்றார். அவர் கரையிறங்கி ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாணயத்திலிருந்து செங்கல்லுக்கு

இங்கு அவருக்குக் கிடைத்த முதல் வேலை கருவூலத்தில். அக்காலத்தில் ஒரே நாணயம் புழங்கவில்லை. ஸ்பானிய வெள்ளி நாணயம் உட்படப் பல நாட்டுக் காசுகள் கைமாறின. அவற்றில் நல்லது எது, கள்ளக்காசு எது எனப் பிரித்தறியத் தேர்ந்த கண் வேண்டும். அந்தப் பணியில்தான் அவர் வாழ்க்கை தொடங்கியது.

ஆனால், அவர் அரசாங்க வேலையோடு நின்றுவிடவில்லை. ஊர் வேகமாக வளர்வதையும், வருபவர்களுக்கெல்லாம் வீடுகள் தேவைப்படுவதையும் கவனித்தார். தஞ்சோங் பகார் பகுதியில் ஒரு செங்கற்சூளையை அமைத்தார். கொத்தனார்களும் தச்சர்களும் இங்கு கிடைக்காததால் பினாங்குக்குச் சொல்லியனுப்பி அவர்களை வரவழைத்தார். கட்டடத் தொழிலில் அவர் இறங்கியது இப்படித்தான்.

அடுத்து துணி வணிகம். கிராஸ் ஸ்திரீட்டில் அவர் திறந்த பருத்தித் துணிக் கடை, சில காலத்திலேயே ஊரில் பெயர் பெற்ற கடையாக வளர்ந்தது. பிரிட்டிஷ் வணிகர்களிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, விற்றபின் பணம் கொடுப்பது அவரது முறை. தொழில் நன்றாக நடக்கும்வரை அதில் சிக்கல் இல்லை.

இன்று தெலுக் ஆயர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால் கிராஸ் ஸ்திரீட்டில்தான் நிற்போம். சுற்றிலும் உயரமான அலுவலகக் கட்டடங்கள். மூன்றே ஆண்டுகளில் எழுத்தராகவும் சூளை முதலாளியாகவும் துணி வணிகராகவும் மாறிய ஒருவரின் கடை இந்தத் தெருவில் இருந்தது என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

1822: எரிந்த கடை

1822ஆம் ஆண்டில் அந்தக் கடை தீயில் அழிந்தது. கடனுக்கு எடுத்த சரக்கும் அதனோடு எரிந்தது. துணி போய்விட்டது, கடன் போகவில்லை. காப்புறுதி இல்லாத அக்கால வணிகருக்கு இது எத்தகைய அடி என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

முன்பு வாழ்ந்த பினாங்கு கடல்வழியே எட்டும் தொலைவில்தான் இருந்தது. நாராயண பிள்ளை அங்கே திரும்பிச் செல்லவில்லை. கடன் கொடுத்தவர்களைச் சந்தித்து அவகாசம் கேட்டார். அவ்வாண்டு அக்டோபரில் ராஃபிள்ஸ் மீண்டும் சிங்கப்பூர் வந்தபோது தம் நிலையை அவரிடம் எடுத்துரைத்தார். புதிய கிடங்கு ஒன்றை அமைத்துக்கொள்ள கமர்ஷியல் ஸ்குவேர் பகுதியில் அவருக்கு இடம் தரப்பட்டது. அங்கிருந்து மீண்டும் வணிகத்தைத் தொடங்கினார், கடனிலிருந்தும் மீண்டார்.

கமர்ஷியல் ஸ்குவேர் என்ற அந்தச் சதுக்கம்தான் 1858ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் பெற்றது. அருகிலிருந்த சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு ஆற்றோரச் சதுப்பு நிலத்தை நிரப்பி உருவாக்கிய வணிகப் பகுதி அது. இன்று வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த இடம். எல்லாவற்றையும் இழந்த ஒரு தமிழர் மறுபடியும் எழுந்து நின்ற இடமும் அதுவே.

நன்னீர் தேடிய கோவில்

வணிகத்தில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்த அதே ஆண்டுகளில், நாராயண பிள்ளை இன்னொரு முயற்சியிலும் ஈடுபட்டிருந்தார். இங்கு வந்த இந்துக்களுக்கு வழிபட ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்கு நிலம் கேட்டார்.

முதலில் பிரிட்டிஷார் காட்டிய இடம் தெலுக் ஆயர் ஸ்திரீட். கடலை நிரப்பி நிலமாக்குவதற்கு முன் அது கடற்கரையை ஒட்டிய தெரு. மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் நீர். பெயரில் நீர் இருந்தாலும், அபிஷேகத்துக்கும் பூசைக்கும் உகந்த நன்னீர் அங்கே கிடைக்கவில்லை. அதனால் அந்த இடம் பொருந்தவில்லை.

1821ஆம் ஆண்டில், சிங்கப்பூரை நிர்வகித்துவந்த வில்லியம் ஃபார்குவார், ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் அருகே ஓரிடத்தைக் கொடுத்தார். அங்கே நீர் இருந்தது. ஆனால், அடுத்த ஆண்டே வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் அப்பகுதி வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த இடமும் கைநழுவியது.

மூன்றாவதாக, 1823ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் கிடைத்த இடமே நிலைத்தது. கடை எரிந்த மறு ஆண்டு அது. சொந்த வணிகத்தைத் தூக்கி நிறுத்தப் போராடிய காலத்திலும் கோவில் முயற்சியை அவர் கைவிடவில்லை என்பதை இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

1827ஆம் ஆண்டில் கோவில் எழுந்தது. செங்கற்சூளை வைத்திருந்தவர் கட்டிய அந்த முதல் கோவில் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆனது. அதில் 'சின்ன அம்மன்' எனப்படும் சிறிய மாரியம்மன் திருவுருவை நாராயண பிள்ளை நிறுவினார். நோய்களிலிருந்து காப்பவளாக மக்கள் நம்பும் தெய்வம் மாரியம்மன். மருத்துவ வசதி குறைந்த, நோய்கள் மிகுந்த புதிய ஊரில் குடியேறியவர்கள் அந்தத் தெய்வத்தை நாடியதில் வியப்பில்லை.

அதற்குள் அவருக்கு உதவிய அதிகாரிகள் இருவரும் சிங்கப்பூரில் இல்லை. ஃபார்குவார் 1823இல் பதவி இழந்து, அவ்வாண்டே ஊரைவிட்டுச் சென்றார். அதே ஆண்டில் இங்கிருந்து புறப்பட்ட ராஃபிள்ஸ் 1826இல் மறைந்தார். நாராயண பிள்ளை கட்டிய கோவில் அதே இடத்தில் தொடர்ந்தது.

கோவிலைச் சுற்றி வளர்ந்த ஊர்

இன்று நாம் காணும் செங்கல் கட்டடத்தின் பழைய பகுதிகள் 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகிறது. கோபுரம் முதலில் 1903ஆம் ஆண்டில் எழுந்தது. இப்போதுள்ள ஆறு நிலைக் கோபுரம் 1925ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1973ஆம் ஆண்டில் கோவில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கடைசியாகக் குடமுழுக்கு நடந்தது 2023 பிப்ரவரியில்.

கோவிலின் இருபுறமும் உள்ள தெருக்களின் பெயர்ப்பலகைகளையும் கவனியுங்கள். ஒன்று பகோடா ஸ்திரீட், மற்றொன்று டெம்பிள் ஸ்திரீட். சைனாடவுனின் நடுவே உள்ள இவ்விரு தெருக்களும் பெயர் பெற்றது ஒரு தமிழ்க் கோவிலால். சில அடி தொலைவில், தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் 1826ஆம் ஆண்டில் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் அவர்கள் எழுப்பிய நாகூர் தர்காவும், சீனர்களின் தியான் ஹொக் கெங் ஆலயமும் உள்ளன. ஒரே தலைமுறைக் காலத்தில், நடக்கும் தொலைவிலேயே இவையெல்லாம் உருவாயின.

கோவில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. ஊரில் யாரையும் அறியாமல் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அங்கே அடைக்கலம் பெற்றார்கள். இந்துத் திருமணங்கள் அங்கே பதிவு செய்யப்பட்டன. நாராயண பிள்ளையும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மக்களுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டு, அவர்களுக்கிடையே எழும் பூசல்களைத் தீர்த்து வைக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார்.

சிராங்கூன் சாலைக்கும் ஒரு தொடர்பு

நம்மில் பலருக்கு இந்தியர் வாழ்வு என்றால் லிட்டில் இந்தியாதான் நினைவுக்கு வரும். ஆனால், தமிழர்களின் தொடக்கம் ஆற்றங்கரையிலும் தெலுக் ஆயரிலும் சவுத் பிரிட்ஜ் சாலையிலும் இருந்தது. சிராங்கூன் சாலை வட்டாரம் வளர்ந்தது அதற்குப் பிறகே.

இவ்விரண்டு வட்டாரங்களையும் இணைக்கும் நடை ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. தீபாவளிக்குச் சற்று முன்னர் வரும் தீமிதித் திருவிழாவில், பக்தர்கள் சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து ஸ்ரீ மாரியம்மன் கோவிலை அடைகிறார்கள். வெறுங்காலுடன் அவர்கள் சென்று சேர்வது நாராயண பிள்ளை மூன்றாம் முயற்சியில் பெற்ற அந்த நிலத்துக்குத்தான்.

வழிகாட்டியுடன் நடக்க விரும்பினால்

குடும்பமாகவோ நண்பர்கள் நால்வர் ஐவராகவோ சேர்ந்து, தங்களுக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு இந்தப் பாதையில் நடக்கலாம். சிங்கப்பூரில் கட்டணம் பெற்று வழிகாட்டுபவர்கள் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழில் விளக்குவாரா என்றும் கேளுங்கள்.

பெரிய குழுவோடு செல்லும்போது, குறித்த நேரத்தில் குறித்த இடங்களைப் பார்த்து முடிப்பதே முதன்மையாகிவிடும். சிறு குழுவில் அப்படியல்ல. ஓரிடத்தில் கூடுதல் நேரம் நிற்கலாம், கேள்வி கேட்கலாம். ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல், நாராயண பிள்ளையின் வாழ்க்கையை மட்டும் காட்டும்படி கேட்டுப் பாருங்கள். கிளம்பும் முன், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குச் சென்று வந்தால் பின்னணியும் தெளிவாகும்.

காலையிலேயே தொடங்குவது நல்லது. வெயில் ஏறுமுன் கோவிலை அடைந்துவிடலாம். கோவிலுக்குள் செல்ல ஏற்ற உடை அணியுங்கள். கையில் ஒரு சிறு குறிப்பேடும் இருக்கட்டும். 1819, 1821, 1822, 1823, 1827 ஆகிய ஐந்து ஆண்டுகளை அதில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தில் நிற்கும்போது அவரிடம் அன்று என்ன இருந்தது, என்ன இல்லை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். 1822க்கு நேரே எழுத அதிகம் இருக்காது. அந்த ஆண்டிலிருந்து 1827க்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். உங்களுக்குள் பேசியும் பாருங்கள்.