வானத்தைக் கணக்கிட்ட ரிச்சர்ட்சன்

கடலும் காற்றும் நாளை எவ்வாறு இருக்கும் என்பதைக் கணிதத்தால் முன்கூட்டியே அறியும் துறை இன்று ஒரு தனிப் படிப்பாக வளர்ந்திருக்கிறது. வளிமண்டலத்தையும் பெருங்கடலையும் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேகம், வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை எண்களாகக் குறித்து, அவ்வெண்கள் அடுத்த சில நிமிடங்களில் எவ்வாறு மாறும் என்று கணிப்பொறியைக் கொண்டு கணக்கிடுவதே அப்படிப்பின் உயிர்நாடி. முதுகலைப் பட்டத்திற்கோ முனைவர் பட்டத்திற்கோ இத்துறையில் சேரும் மாணவர், தொடக்கத்திலேயே சந்திக்கும் பெயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். அவரிடம் கணிப்பொறி இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும் அவருக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

1881-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில், ஏழு குழந்தைகளுள் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். தந்தையார் டேவிட் ரிச்சர்ட்சன் தோல் பதனிடும் தொழிலை நடத்தியவர். இதைப் படிக்கும் நம்மவர் இவ்விடத்தில் சற்றே நிற்பர். எந்தத் தொழிலைக் காட்டி நம் முன்னோர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டனரோ, அதே தொழில் அங்கே ஒரு குடும்பத்திற்குச் செல்வத்தையும் நன்மதிப்பையும் தேடித் தந்தது. தோலின் நாற்றம் இரு நாடுகளிலும் ஒன்றுதான்!

ஆயினும் அக்குடும்பம் விலக்கப்படுதலை அறியாத குடும்பமன்று. அவர்கள் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். பிரபுக்கள் முன் தொப்பியைக் கழற்ற மறுத்ததும், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பாராமல் எல்லோரையும் ஒருமையிலேயே விளித்ததும் அப்பிரிவின் பழைய வழக்கங்கள். அரசாங்கத் திருச்சபையை ஏற்காதவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பட்டங்களும் பதவிகளும் நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தன. எஞ்சிய தடைகளுள் பெரும்பாலானவற்றை நீக்கிய சட்டம் நிறைவேறியது 1871-இல். அதாவது ரிச்சர்ட்சன் பிறப்பதற்குப் பத்தே ஆண்டுகள் முன்பு. திறந்த கதவின் வழியே 1900-இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் நுழைந்த அவர், 1903-இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார்.

அதன்பின் பத்தாண்டுகள் வேலை மாறி வேலையாகக் கழிந்தன. கரிநிலக் கம்பெனி ஒன்றில் வேதியியலாளராக இருந்தபோதுதான், நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் காட்டும் சமன்பாடுகளை நேரே தீர்க்க இயலாது என்று கண்டார். தொடர்ச்சியான மாற்றத்தைச் சிறுசிறு படிகளாக வெட்டி, கூட்டல் கழித்தல் பெருக்கல் கொண்டே விடையை நெருங்கும் வழியொன்றை வளர்த்தெடுத்தார். அவ்வழியில் ஓர் அணைக்கட்டின் சுவருக்குள் எழும் அழுத்தங்களைக் கணக்கிட்டு எழுதிய ஆய்வுரையைத் தம் பழைய கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்காகச் சமர்ப்பித்தார். அது தோராயக் கணிதம் என்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்கள் மதிப்புக் குறைவாகக் கருதினர், பதவி கிட்டவில்லை. அந்தத் தோராயக் கணிதத்தைத்தான் இன்றைய மாணவர்கள் பாடமாகப் பயில்கின்றனர்.

1913-இல் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மூர் ஆய்வுக்கூடத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அங்கே தம் முறையை வானத்தின்மீது திருப்பினார். அக்காலத்து வானிலை அறிவிப்பு, பழைய வரைபடங்களுள் இன்றைய வானத்தை ஒத்தது எது என்று தேடி, அன்று நிகழ்ந்ததே இன்றும் நிகழும் என்று நம்பியிருந்தது. காற்று இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டதாயின் அவ்விதிகளாலேயே அதை முன்னறியலாமே என்பது ரிச்சர்ட்சனின் எண்ணம்.

இதற்கிடையே முதல் உலகப்போர் மூண்டது. கொலைத்தொழிலுக்கு உடன்படாத அவர், 1916-இல் வேலையைத் துறந்து, குவேக்கர்களின் மருத்துவ ஊர்திப் படையில் ஓட்டுநராகப் பிரான்சு சென்றார். காயமுற்ற வீரர்களைச் சுமந்து திரிந்த நாட்களின் இடைவெளியில், குளிர்மிக்க தங்குமிடத்தில் வைக்கோற் போர்தான் அவருக்கு அலுவலகம். 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் காலை ஏழு மணிக்கு ஐரோப்பாவில் அளந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, நடு ஜெர்மனியில் அதற்கடுத்த ஆறு மணி நேரத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று கணக்கிடலானார். காற்றை உயரவாக்கில் ஐந்து அடுக்குகளாகப் பிரித்திருந்தார். இரண்டே இரண்டு கட்டங்களின் கணக்கை முடிக்க ஆறு வாரங்கள் வரை பிடித்தன.

விடை வந்தது. வளி அழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. பூமியில் எங்கும் காணாத உயர்வு அது. உண்மையில் அன்று அழுத்தமானி ஏறக்குறைய அசையவே இல்லை.

1917 ஏப்ரலில் ஷாம்பேன் போரின்போது பின்னணிக்கு அனுப்பிய கையெழுத்துப்படி காணாமற்போயிற்று. பல திங்கள் கழிந்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிலிருந்து அது மீண்டது. ரிச்சர்ட்சன் தம் தோல்வியை அதிலிருந்து நீக்கவில்லை. பிழையான விடையை, அதற்கு வந்த வழி முழுவதுடனும், 1922-இல் நூலாக அச்சிட்டார். 64,000 பேர் வட்டமாக அமர்ந்து உலகின் வானிலையைக் கையால் கணக்கிடும் மாபெரும் மண்டபம் ஒன்றையும் அந்நூலில் கற்பனை செய்திருந்தார். அச்சான 750 படிகள் விற்கவே பல்லாண்டுகள் ஆயின.

போருக்குப்பின் வானிலை அலுவலகத்திற்குத் திரும்பியவர், 1920-இல் அது விமானத்துறை அமைச்சகத்தின்கீழ் சென்றதும் விலகினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தார். பின்னர் 1940 வரை பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1926-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகிவிட்ட பின்பும், 1929-இல், 47-ஆம் வயதில், மாணவர்களோடு மாணவராகத் தேர்வெழுதி உளவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார் என்றால் அவருடைய கல்வி வேட்கையை என்னென்பது!

கடலையும் அவர் விடவில்லை. நீரோட்டத்தில் அருகருகே மிதக்கும் இரு பொருள்கள் எவ்வளவு விரைவில் விலகுகின்றன என்று காண, ஹென்றி ஸ்டோமல் என்னும் அமெரிக்கக் கடலியலாளரோடு ஸ்காட்லாந்தின் லாங் என்னும் கடற்கழியில் பார்ஸ்னிப் கிழங்குகளை எறிந்து அளந்தார். அக்கிழங்கு பெரும்பகுதி நீருள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. கண்ணுக்கும் எளிதில் தெரியும். அதைக் கொண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரை 1948-இல் வெளிவந்தது.

1950-இல் சார்னி, ஃபியோர்டாஃப்ட், ஃபான் நாய்மன் ஆகியோர் அமெரிக்காவில் எனியாக் கணிப்பொறியைக் கொண்டு, எளிமைப்படுத்திய சமன்பாடுகளால், வெற்றிகரமான முதல் வானிலைக் கணிப்புகளைச் செய்தனர். அவற்றைச் சார்னி ரிச்சர்ட்சனுக்கு அனுப்பிவைத்தார். முதியவர் மகிழ்ந்து பாராட்டினார். 1953 செப்டம்பர் 30 அன்று அவர் மறைந்தார்.

அவருடைய கணக்கு எங்கே தவறியது? அயர்லாந்து வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் பின்னாளில் அதே 1910-ஆம் ஆண்டு விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றி ஆராய்ந்தார். ரிச்சர்ட்சனின் வழிமுறை சரியாகவே இருந்தது. தொடக்க அளவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இயைந்திராமையால் எழுந்த பொய்யலைகளே விடையைக் கெடுத்திருந்தன. அவ்வளவுகளை முதலில் சமன்செய்துவிட்டு அதே கணக்கைப் போட்டபோது, ஆறு மணி நேரத்தில் அழுத்தத்தின் மாற்றம் ஒரு மில்லிபாருக்கும் குறைவாகவே வந்தது.