கொடுமுடியில் பிறந்த குரல்



ஆடி மாசம் எங்க கண்டாச்சிபுரம் பக்கம் வந்து பாருங்க. விடியற்காலையிலேயே மைக் செட் பாட ஆரம்பிச்சிடும். அதில் ஒரு பாட்டாவது கே.பி. சுந்தராம்பாள் பாடியதாக இருக்கும். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, இந்தக் கிழவி பாட்டை யாராவது நிறுத்துங்கடா என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1908-ல் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தவர். 'கே' என்பது கொடுமுடி, 'பி' என்பது அம்மா பாலாம்பாள். வீட்டில் சோத்துக்கே கஷ்டம். சின்னப் பெண்ணாக ரயிலில் பாடிக் காசு வாங்கினார். அந்தக் குரல் எஃப்.ஜி. நடேச ஐயர் காதில் விழுந்தது. அவர் ரயில்வே அதிகாரி, நாடகப் பைத்தியம். அவரால் சிறுமி நாடக மேடை ஏறினாள். மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். நாம் ஆம்ப்ளிஃபயர் வைத்துச் செய்வதை அவர் தொண்டையால் செய்தார்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் பெஸ்ஸி ஸ்மித் என்று ஒரு கறுப்பினப் பெண். 1894-ல் பிறந்தவர். பெற்றோரை இழந்து, சகோதரர் கிட்டார் வாசிக்கத் தெருவில் பாடிக் காசு சேர்த்தவர். பருத்திக்காட்டுக் கூலிகளின் துக்கத்திலிருந்து பிறந்த 'ப்ளூஸ்' என்ற இசைக்கு அவரை மகாராணி என்றார்கள். 1923-ல் முதல் இசைத்தட்டு. 1937-ல் சாலை விபத்தில் மரணம். ராகம் வேறு, பாஷை வேறு. ஆனால் வயிற்றுப் பசியில் தொடங்கிய பாட்டு இரண்டு பேருக்கும் பொது.

1926-ல் கொழும்பில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார் சுந்தராம்பாள். அவர் குரலும் இவர் குரலும் போட்டி போட, கூட்டம் அலைமோதியது. 1927-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிணக்கும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயசு 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்றைக்கு வெள்ளைப் புடவை கட்டியவர் கடைசி வரை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

அதோடு மூலையில் உட்கார்ந்துவிட்டாரா? இல்லை! 1935-ல் 'நந்தனார்' படம். ஜோடி வேண்டாம் என்றவர் நந்தனாராகவே நடித்தார். கோயிலுக்குள் விடப்படாத பண்ணைக் கூலியின் ஏக்கத்தை ஒரு விதவைப் பெண் பாடினார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! ரயிலில் காசு வாங்கிய கையில் அது வந்தது. பிறகு காங்கிரஸ் மேடைகளில் பாடினார், சட்ட மேலவை உறுப்பினரானார். 1953-ல் 'ஔவையார்'. அங்கவை, சங்கவைக்கு ஔவை கல்யாணம் செய்து வைத்ததாகச் சொல்லும் திருக்கோவிலூர் நமக்குப் பக்கத்து ஊர்தானே. 1970-ல் பத்மஸ்ரீ, 'துணைவன்' (1969) படப் பாட்டுக்குத் தேசிய விருது. 1980-ல் மறைந்தார்.

இப்ப என் சிபாரிசு. மைக் செட்டில் வருவது பெரும்பாலும் 'திருவிளையாடல்' (1965) பாட்டுதான். அதோடு நிறுத்தாதீங்க. 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகளாக அவர் பாடியதைக் கேளுங்க. 'காரைக்கால் அம்மையார்' (1973) கேளுங்க. அறுபது வயசைத் தாண்டிய குரல் அது. அப்புறம் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் பழைய 78 சுற்று இசைத்தட்டுப் பதிவுகளுக்குப் போங்க. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணு நிமிஷம்தான். கிட்டப்பா சினிமாவில் நடித்ததே இல்லை. அவர் குரல் மிஞ்சியிருப்பது அந்தத் தட்டுகளில்தான். கரகரவென்று இரைச்சல் வரும். நம்ம எலக்ட்ரானிக்ஸ் பசங்க உடனே ஃபில்டர் போட்டு வெட்டப் பார்ப்பாங்க. வேண்டாம்! இரைச்சலோடு சேர்ந்து கிட்டப்பாவின் உச்சஸ்தாயி மினுமினுப்பும் போய்விடும். இரண்டு தடவை பொறுமையாகக் கேட்டால் காது தானாகவே இரைச்சலை ஒதுக்கிவிடும். முடிந்தால் அதே ராத்திரி பெஸ்ஸி ஸ்மித்தின் ஒரு தட்டையும் கேளுங்க. பாஷை புரியாவிட்டாலும் துக்கம் புரியும்.

அரியர் பேப்பர், வேலை, வீட்டுக் கடன் என்று நமக்கும் ராத்திரிகள் வருகின்றன நண்பர்களே. 25 வயசில் எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைத்த ஒரு பெண், அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் பாடினார். அடுத்த ஆடியில் மைக் செட் சத்தம் கேட்டால், தலையணையைக் கொஞ்சம் தூர வைத்துவிட்டுக் கேளுங்கள். நானும் அப்படித்தான் கேட்கிறேன்.