லக்சபான தந்த விமலசுரேந்திர

மின்னோட்டம் பாயும் சுருளில் காந்தப்புலம் உண்டாகும் என்று பௌதிகவியலில் படிக்கிறோம். அந்தப் புலத்தை மலைநாட்டு ஆறுகளால் சுழற்றப் பாடுபட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர.

1874இல் காலியில் பிறந்து, பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். நுவரெலியா நகருக்கு வெளிச்சம் தர பிளக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் அமைத்தார். மஸ்கெலியாப் பக்கத்து ஆறுகளால் நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று 1918இல் கணக்குகளோடு கட்டுரை வாசித்தார். ஆட்சியாளர்கள் அசட்டை செய்தார்கள். பிறகு தொடங்கிய வேலையும் நடுவில் நின்றது. எனக்கு வியப்பு அவரது பிடிவாதம்தான். ஓய்வுபெற்றபின் 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதற்காகவே வாதாடினார்.

1950இல் லக்சபான இயங்கத் தொடங்கியபோது அவர் 75 வயதைத் தாண்டியிருந்தார். அங்கே விழும் நீர் சுழலியைச் சுற்றுகிறது. அதோடு சுழலும் சுருளுக்கு மின்னோட்டம் கொடுத்துக் காந்தமாக்குகிறார்கள். அதன் புலம் சுற்றியிருக்கும் அசையாச் சுருள்களை வெட்டும்போது மின் பிறக்கிறது.

அவர் 1953இல் காலமானார். நோட்டன் பிரிட்ஜில் ஒரு மின்நிலையத்துக்கு அவர் பெயர் இட்டிருக்கிறார்கள். லக்சபானக் கம்பிகள் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலாகக் கொழும்புக்குப் போயின. கீழே இருந்த லயக் காம்பராக்களில் குப்பி விளக்கு அணைய இன்னும் பல வருடங்கள் சென்றன.