நிலக்கரிச் சுரங்கம் டூ லார்ட்ஸ் மைதானம்.. மன்னிப்பு கேட்க மறுத்த பவுலர்! யார் இந்த ஹெரால்ட் லார்வுட்?

கேப்டன் சொன்னபடி பந்து போட்டார். தொடரையும் ஜெயித்துக் கொடுத்தார். அதற்குப் பரிசா கிடைத்தது என்ன தெரியுமா? மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து போடச் சொன்னாங்க. மறுத்ததால் 29 வயதிலேயே சர்வதேச கிரிக்கெட் வாழ்க்கை முடிந்துபோனது. அவர்தான் இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஹெரால்ட் லார்வுட்.

சுரங்கத்தில் தொடங்கிய வாழ்க்கை

1904 நவம்பர் 14ஆம் தேதி, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் நன்கார்கேட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி. லார்வுட்டும் 14 வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். பூமிக்கு அடியில் நிலக்கரி வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளை ஓட்டும் வேலை.

ஓய்வு கிடைத்தால் உள்ளூர் அணியில் ஆட்டம். கிரிக்கெட் ஷூ வாங்க வசதி கிடையாது, சாதாரண கேன்வாஸ் ஷூவில்தான் ஓடி வந்து பந்து போட்டார். உயரமும் சுமார் 5 அடி 8 அங்குலம்தான். ஆனா வேகம்? எதிரணி மிரண்டது.

திருப்புமுனை எது?

அதே ஊரில் வசித்த முன்னாள் இங்கிலாந்து வீரர் ஜோ ஹார்ட்ஸ்டாஃப் கண்ணில் இந்தப் பையன் பட்டார். அவர் சிபாரிசில் 1923இல் நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டி அணியின் தேர்வுக்குப் போனார். வாரம் 32 ஷில்லிங் சம்பளத்தில் ஒப்பந்தம் கிடைத்தது. சுரங்க வாழ்க்கைக்கு குட்பை!

1924இல் கவுண்டி அறிமுகம். அடுத்த இரண்டே வருடத்தில், 21 வயதில், லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம். அதே 1926இல் ஓவல் டெஸ்டின் 2ஆவது இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து ஆஷஸ் தொடரை மீட்டது.

பாடிலைன் என்றால் என்ன?

1930 ஆஷஸ் தொடரில் டான் பிராட்மேன் 974 ரன் குவித்தார். அவரை எப்படி நிறுத்துறது? 1932-33 ஆஸ்திரேலியப் பயணத்தில் கேப்டன் டக்ளஸ் ஜார்டின் போட்ட திட்டம்தான் பாடிலைன். லெக் சைடில் பீல்டர்களைக் குவித்துவிட்டு, பேட்ஸ்மேன் உடம்பைக் குறிவைத்து ஷார்ட் பால் போட வேண்டும். தடுத்தால் கேட்ச், விட்டால் அடி. அப்போ ஹெல்மெட் கிடையாது.

அடிலெய்டு டெஸ்டில் லார்வுட் பந்து ஆஸ்திரேலிய கேப்டன் உட்ஃபுல் நெஞ்சில் பட்டது. ஓல்ட்ஃபீல்டின் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தது. இந்த இரண்டு பந்துகளும் வழக்கமான பீல்டிங்கில் போடப்பட்டவை. ஆனாலும் ரசிகர்கள் கொந்தளித்தாங்க. இரு நாட்டு உறவே உரசலானது.

தொடரை இங்கிலாந்து 4-1 என வென்றது. லார்வுட் எடுத்தது 33 விக்கெட். சிட்னியில் நடந்த கடைசி டெஸ்டில் பேட்டிங்கில் 98 ரன் அடித்தார். அதே போட்டியில் இடது கால் எலும்பு முறிந்தது. அதுதான் அவரது கடைசி டெஸ்ட் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அப்புறம் என்னாச்சு?

திட்டம் போட்ட ஜார்டின், அடுத்த குளிர்காலத்தில் இந்தியா வந்த இங்கிலாந்து அணிக்கும் கேப்டன். 1934இல் சென்னை சேப்பாக்கத்தின் முதல் டெஸ்டில் ஆடியதும் அவர் தலைமையிலான அணிதான். ஆனால் சுரங்கத்திலிருந்து வந்த லார்வுட்டிடம் மன்னிப்பு கேட்டார்கள். கேப்டன் சொன்னதைத்தானே செய்தேன், இதில் தப்பு என்ன என்பதே அவர் நிலைப்பாடு. 21 டெஸ்ட், 78 விக்கெட்டோடு எல்லாம் முடிந்தது.

எதிரி நாடே வீடானது

பிறகு பிளாக்பூலில் சிறிய மிட்டாய்க் கடை நடத்தினார். 1950இல் மனைவி, 5 மகள்களோடு கப்பல் ஏறினார். எங்கே? ஆஸ்திரேலியாவுக்கு! 1932இல் அவரைக் கொண்டு சென்ற அதே ஓரண்டஸ் கப்பல். பாடிலைன் தொடரில் அவரை எதிர்த்து ஆடிய ஜாக் ஃபிங்கிள்டன்தான் குடியேற உதவினார்.

இங்கிலாந்து அரசின் எம்பிஇ விருது வந்தது 1993இல், 88 வயதில். 1995 ஜூலை 22 அன்று சிட்னியில் காலமானார். அந்த மன்னிப்புக் கடிதத்தில் அவர் கடைசி வரை கையெழுத்து போடவே இல்லை.