கே. ஆர். இராமநாதன்: ஒளிச்சிதறலிலிருந்து ஓசோன் ஆய்வுக்கு

முன்னுரை

இந்திய வளிமண்டல அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் (1893–1984). இராமன் விளைவின் வரலாற்றில் இவர் பெயர் ஓரிடத்தில் தோன்றி மறைகின்றது. அப்பகுதியை மட்டும் படிப்போர்க்கு, கைக்கெட்டிய கண்டுபிடிப்பொன்றைத் தவறவிட்டவராகவே இவர் தோன்றக்கூடும். அவர்தம் ஆய்வுப்பணியை முழுமையாக நோக்குமிடத்து அம்மதிப்பீடு பொருந்தாமை புலனாகும். நீரையும் காற்றையும் கடந்துவரும் ஒளி, தான் கடந்த பொருளைப் பற்றி என்ன அறிவிக்கின்றது என்னும் வினாவே அவர் பணியின் இரு பகுதிகளையும் இணைக்கின்றது.

இளமையும் கல்கத்தா ஆய்வும்

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் 1893 பிப்ரவரி 28ஆம் நாள் பிறந்த இராமநாதன், பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். திருவனந்தபுரத்தில் இயற்பியல் கற்பித்த காலத்திலேயே வானிலை ஆய்வில் ஈடுபட்டார். 1921இல் கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். கடல்நீரின் நீலநிறத்திற்கு நீர் மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலே காரணம் என்னும் கருத்தை இராமன் நிறுவ முற்பட்டிருந்த காலம் அது. பின்னர் இரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோதும் கல்கத்தாத் தொடர்பு நீடித்தது.

1923ஆம் ஆண்டுக் கோடையில் அவர் செய்த சோதனை குறிப்பிடத்தக்கது. ஊதா வடிகட்டியின் வழியே செலுத்திய ஞாயிற்றொளியைத் திரவத்திற்குள் பாய்ச்சி, சிதறிய ஒளியைப் பச்சை வடிகட்டியின் வழியே நோக்கினார். ஒன்று விடும் நிறத்தை மற்றொன்று தடுக்குமாதலின் இருளே எஞ்சியிருத்தல் வேண்டும். ஆயினும் மெல்லிய ஒளிச்சுவடு தெரிந்தது. திரவத்தில் கலந்த மாசினால் எழும் ஒளிர்தல் எனக் கருதப்பட்டமையால், வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தனர். சுவடு மறையவில்லை. அதனை மாசின்மேல் ஏற்றிய விளக்கம் 1928 வரை முற்றிலும் கைவிடப்படவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 28 அன்று, அது அலைநீளம் மாறிய சிதறலே என இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் தெளிந்தனர். இராமநாதனின் பங்கு, விளக்கம் கிட்டாத ஓர் உண்மையை மறைக்காது பதிவு செய்தமையாகும். அப்பதிவு பின்வந்த ஆய்வுக்குத் தொடக்கமாயிற்று.

வானிலைத் துறைப் பணி

1925இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தபின் அவர் ஆய்வுக்களம் ஆய்வகத் திரவத்திலிருந்து வளிமண்டலத்திற்கு மாறியது. பலூன்களில் ஏற்றி அனுப்பப்பட்ட பதிவுக்கருவிகள் தந்த அளவுகளைத் தொகுத்து, வடகோளத்தின் உயர்வளி வெப்பநிலைப் பரவலை 1929இல் வரைபடமாக்கினார். அவ்வுயரங்களில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்தின்மேல் இல்லை. நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது என்பதை அவ்வரைபடம் காட்டிற்று. தரையில் வெப்பம் மிக்க பகுதியின் மேலேயே கடுங்குளிர் நிலவும் இம்முரண், வெப்பமண்டல வானியக்கத்தை அறிதற்கு அடிப்படையாயிற்று. பின்னர் கொலாபா, அலிபாக் ஆய்வுநிலையங்களின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார்.

ஓசோன் ஆய்வு

ஒளியையும் வளிமண்டலத்தையும் பற்றிய அவர்தம் இருவகை அறிவும் ஒன்றுகூடிய களம் ஓசோன் ஆகும். டாப்சன் நிறமாலை ஒளியளவி, ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் புறஊதா அலைநீளத்தையும் குறைவாக உறிஞ்சும் அலைநீளத்தையும் இணையாக அளந்து, அவற்றின் விகிதத்தால் வளிமண்டல ஓசோனின் மொத்த அளவைத் தருவது. ஞாயிறு தொடுவானை நெருங்குகையில் உச்சிவானிலிருந்து சிதறிவரும் ஒளியில் இவ்விகிதம் ஓரெல்லை வரை குறைந்து பின் திரும்பும். உம்கேர் விளைவு எனப்படும் இத்திருப்பத்திலிருந்து ஓசோனின் உயரவாரிப் பரவலைக் கணிக்கலாம். இக்கணிப்புமுறையை ஜே. வி. தவேயுடன் இணைந்து இராமநாதன் செம்மைப்படுத்தினார். 1957இல் தொடங்கிய பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டுக்கான கையேட்டில் அது இடம்பெற்றது. வெப்பமண்டல ஓசோன் அளவு ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை 1963இல் எடுத்துரைத்தார்.

இப்பணிகளுக்கு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் நிலைக்களனாயிற்று. விக்ரம் சாராபாய் நிறுவிய அந்நிறுவனத்திற்கு 1948இல் முதல் இயக்குநராகி, 1966 வரை அதனை வளர்த்தார். அரசுப்பணியில் ஓய்வுபெற்றபின் ஏற்ற பொறுப்பு இது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. புவியளவையியல், புவி இயற்பியல் பன்னாட்டு ஒன்றியத்தின் தலைவராக 1954 முதல் 1957 வரை பணியாற்றினார். 1961இல் பன்னாட்டு வானிலை அமைப்புப் பரிசையும் 1976இல் பத்ம விபூஷண் விருதையும் பெற்றார். 1984 டிசம்பர் 31 அன்று மறைந்தார்.

முடிவுரை

1923இல் இராமநாதன் மெல்லிய சிதறலொளியைக் கண்டார். அதன் பொருள் அன்று விளங்கவில்லை. பின்னாளில் அந்திவானின் மெல்லிய சிதறலொளியைக் கொண்டே ஓசோன் படலத்தின் அமைப்பைக் கணித்தறிந்தார். ஓர் அறிவியலாளரை அவர் எட்டாத முடிவொன்றைக் கொண்டு மட்டும் அளப்பின், இத்தொடர்ச்சி கண்ணுக்குத் தப்பிவிடும். எஞ்சி நிற்கும் சிற்றளவையும் புறக்கணியாது அளந்தறியும் ஆய்வு நேர்மையே அவர் வாழ்வின் சாரம் என்பது இதனால் தெளிவாகின்றது.